பணியிடப் பண்பாட்டுக்கு மதிப்பெண் போட முடியுமா?

கொழிஞ்சாம்பாறை வாசகரின் கேள்வி, 2024 ஜூன் 2

நான் பாலக்காடு அருகே கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறேன். சென்ற மாதம் வெளியிலிருந்து ஆலோசகர்களை அழைத்துவந்து எல்லோரிடமும் ஒரு வினாத்தாளை நிரப்பி வாங்கினார்கள். நிறுவனத்தின் பண்பாட்டுக்கு ஐந்தில் நான்குக்கும் மேல் மதிப்பெண் கிடைத்திருப்பதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டி, கேன்டீனில் பாயசமும் ஊற்றினார்கள். அதே வாரம் எங்கள் மோல்டிங் பிரிவிலிருந்து மூன்று பேர் கணக்கை முடித்துக்கொண்டு போனார்கள். பண்பாடு என்பதை உண்மையிலேயே அளக்க முடியுமா, அல்லது இது ஆலோசகர்களின் பிழைப்பு மட்டும்தானா?

ஜூன் 2, இரவு

அளக்கவும் முடியும், அதை வைத்துப் பிழைக்கவும் முடியும். உங்கள் தொழிற்சாலையில் அளக்கப்பட்டது எது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். நிறுவனமே அச்சடித்து, நிறுவனமே விநியோகித்து, ஷிப்டு நேரத்தில் சூப்பர்வைசரின் மேசையருகே நிரப்பி வாங்கிய தாளில் தொழிலாளர்கள் எதை எழுதத் துணிந்தார்கள் என்பதுதான் அங்கே அளக்கப்பட்டிருக்கிறது. அதுவும் ஒரு தகவல்தான், பயனற்றது என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பண்பாடு என்று பெயர் ஒட்டியதில்தான் தகராறு.

என்னைப் பற்றி இவ்வளவு போதும்: கேரள-தமிழ்நாடு எல்லையில் வேலந்தாவளம் பக்கத்துக்காரன். கோயம்புத்தூர் ஜவுளிக்கடைகளில் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் தொடங்கி, இப்போது வாளையாறு சாலையில் ஒரு வார்ப்பாலையின் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். இத்தகைய வினாத்தாள்களை விநியோகிக்கும் கை என்னுடையதும்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஜூன் 3

தொழிற்சாலைக்குப் பண்பாடு உண்டு என்ற பேச்சை எண்பதுகளின் மேலாண்மை மோகம் என்று நினைப்பவர்கள் உண்டு. எலியட் ஜாக்ஸ் என்பவர் லண்டனில் கிளேசியர் மெட்டல் என்ற தொழிற்சாலையை ஆராய்ந்து, அதன் பண்பாடு மாறிவரும் விதத்தை 1951இலேயே நூலாக எழுதிவிட்டார். ஒரு தொழிற்சாலையில் எல்லோருக்கும் வழக்கமாகிப்போன, புதிதாகச் சேருகிறவர் கற்றுக்கொண்டு ஓரளவாவது ஒப்புக்கொண்டால் மட்டுமே அங்கே காலம் தள்ள முடிகிற சிந்தனை முறையையும் செயல் முறையையும் அவர் பண்பாடு என்றார். எழுபது ஆண்டுகள் கழித்தும் எனக்கு இதைவிட வேலைக்கு ஆகும் விளக்கம் கிடைக்கவில்லை.

2023இல் மறைந்த எட்கர் ஷைன் 1985இல் இதை மூன்று அடுக்குகளாகப் பிரித்தார். மேலே கண்ணுக்குத் தெரிபவை: சீருடை, அறைகளின் அமைப்பு, கூட்டத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பது போன்றவை. நடுவில் நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் மதிப்புகள், அதாவது வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருப்பவை. அடியில், யாரும் வாய்விட்டுச் சொல்லாத, சொல்ல வேண்டிய தேவையே எழாத அனுமானங்கள். வினாத்தாள் நடு அடுக்கைத் தொடும், அடி அடுக்கைத் தொடாது என்பதால் அவர் கடைசிவரை வினாத்தாள்களை நம்பாதவராகவே இருந்தார்.

இந்த மூன்று அடுக்குக்கும் நம் எல்லையிலேயே ஓர் எடுத்துக்காட்டு கிடக்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த்தெருவில் கடைப் பெண்கள் தொடங்கிய போராட்டத்தின் பயனாக, விற்பனையாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் அதே திருத்தத்தைக் கொண்டுவந்தது. இன்று பாலக்காட்டிலும் கோயம்புத்தூரிலும் ஜவுளிக்கடைக்குள் நுழைந்தால் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கும். அது முதல் அடுக்கு. ஊழியர் நலமே எங்கள் நலம் என்ற பலகை இரண்டாம் அடுக்கு. வாடிக்கையாளர் யாரும் இல்லாத மதியம் மூன்று மணிக்கு, ஃப்ளோர் மேனேஜர் படியேறி வரும் சத்தம் கேட்டதும் உட்கார்ந்திருக்கும் பெண் எழுந்து நிற்கிறாரா என்பதில் மூன்றாம் அடுக்கு வெளிப்படும். எழுந்து நிற்கச் சொல்லி எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை, எழாவிட்டால் யாரும் திட்டவும் மாட்டார்கள், ஆனாலும் எழுகிறார். சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண் யாரும் சொல்லித்தராமலே எழுகிறார் என்றால் அங்கே ஜாக்ஸ் சொன்னது நடந்து முடிந்துவிட்டது.

அந்தப் பெண்ணிடம் ‘உங்களுக்கு உட்கார அனுமதி உண்டா’ என்று வினாத்தாளில் கேட்டால், முழுமையாக ஒத்துக்கொள்கிறேன் என்ற கட்டத்தில்தான் டிக் விழும். பொய்யும் இல்லை.

ஜூன் 4

ஒருவர் மின்னஞ்சலில் கேட்கிறார்: ‘ஸ்டூலில் பெட்டி அடுக்கி வைத்திருக்கும் கடைகளை நான் காட்டுகிறேன், வருகிறீர்களா?’ வரத் தேவையில்லை, நானும் பார்த்திருக்கிறேன். உட்காரும் ஸ்டூல், பெட்டி வைத்த ஸ்டூல், ஸ்டூலே இல்லாதது என்று கணக்கெடுத்தாலே ஒரு கடைத்தெருவின் அளவீடு கிடைத்துவிடும், வினாத்தாள் செலவு மிச்சம்.

ஜூன் 6

எந்த வினாத்தாளாக இருக்கும் என்று கேட்டிருந்தேன். கொழிஞ்சாம்பாறை நண்பர் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். கேமரூன், குவின் என்ற இருவர் உருவாக்கிய ஓ.சி.ஏ.ஐ. என்ற பண்பாட்டு அளவீட்டு முறையைத் தழுவி, மேலே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடும் சில கேள்விகளையும் ஒட்டவைத்திருக்கிறார்கள்.

மூல முறையில் ஆறு தலைப்புகள் உண்டு. ஒவ்வொரு தலைப்பின் கீழும் நான்கு வாசகங்கள். ஒன்று நிறுவனத்தைக் குடும்பமாகக் காட்டும், ஒன்று புதுமையைத் தேடுவதாக, ஒன்று போட்டியில் வெல்ல நினைப்பதாக, ஒன்று விதிமுறைப்படி இயங்குவதாகக் காட்டும். நிரப்புகிறவர் 100 புள்ளிகளை நான்குக்கும் பங்கிட வேண்டும். முதலில் இன்று உள்ள நிலைக்கு ஒரு பங்கீடு, பிறகு இருக்க வேண்டும் என்று விரும்பும் நிலைக்கு இன்னொரு பங்கீடு. எல்லாவற்றுக்கும் ஆமாம் போடும் வழக்கத்தை இது தடுக்கிறது, ஏனென்றால் ஒன்றுக்குக் கூட்டினால் மற்றொன்றில் குறைத்தாக வேண்டும். நான் நடத்திப் பார்த்தபோது அலுவலக அறையில் இது நன்றாகவே வேலை செய்தது. ஷாப் ஃப்ளோரில் பெரும்பாலோர் நான்குக்கும் 25, 25 என்று போட்டு, நான்கு பிள்ளைகளுக்குத் தோட்டத்தைப் பிரித்துக்கொடுத்த பெரியவரைப் போலத் திருப்தியுடன் தாளை நீட்டினார்கள். ஒரு வார்ப்பாலைத் தொழிலாளி ‘எல்லாரையும் சமமாப் பாக்கணும் சார்’ என்று எனக்கு விளக்கமும் சொன்னார்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது இன்றைய பங்கீட்டுக்கும் விரும்பும் பங்கீட்டுக்கும் இடையிலான இடைவெளி. மேலாளர்கள் விரும்புவதும் ஃபோர்மேன்கள் விரும்புவதும் எங்கே பிரிகின்றன என்று அது காட்டும். உங்கள் ஆலோசகர்கள் இரண்டாம் பங்கீட்டையே வெட்டிவிட்டு, கூட்டிச் சராசரி எடுத்திருக்கிறார்கள். நான்கு வகைப் பண்பாட்டை ஒப்பிடுவதற்காகச் செய்த கருவியிலிருந்து ஐந்துக்கு இத்தனை என்ற ஒற்றை எண்ணை எப்படிப் பிழிந்தெடுத்தார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள்.

ஜூன் 6, பிற்பகல்

நம் நாட்டிலேயே உருவான கருவி ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். உதய் பாரிக் உருவாக்கிய ஆக்டாபேஸ். வெளிப்படைத்தன்மை, சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொள்ளல், நம்பிக்கை, சொல்லும் செயலும் ஒன்றாயிருத்தல், முன்முயற்சி, தன்னாட்சி, கூட்டுழைப்பு, புதியதைச் சோதித்துப் பார்த்தல் என்று எட்டுக் கூறுகளும் 40 வாசகங்களும் கொண்டது. கோயம்புத்தூர் கல்லூரிகளிலிருந்து எங்கள் ஆலைக்குத் திட்டப்பணிக்காக வரும் எம்.பி.ஏ. மாணவர்கள் பையில் பெரும்பாலும் இருப்பது இதுதான். நிரப்புகிறவரின் குணத்தை விசாரிக்காமல் நிறுவனத்தில் எது மதிக்கப்படுகிறது என்று கேட்பதால், பதில் சொல்கிறவருக்குக் கூச்சம் குறைகிறது. மாணவர்களிடம் தொழிலாளர்கள் எங்களிடம் பேசுவதைவிடத் தாராளமாகப் பேசுகிறார்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன். கருவியின் சிறப்பு பாதி, கேட்டவர் நாளை ஆலையில் இருக்கப் போவதில்லை என்ற நிம்மதி பாதி.

ஜூன் 7

ஆலோசகரின் அறிக்கையில் ‘க்ரோன்பாக் ஆல்ஃபா 0.9க்கு மேல், ஆகவே முடிவு நம்பகமானது’ என்று இருப்பதாக நண்பர் எழுதுகிறார்.

லீ க்ரோன்பாக் 1951இல் எழுதிய கட்டுரையால் புகழ்பெற்ற இந்த எண், ஒரே வினாத்தாளின் கேள்விகள் ஒன்றோடொன்று எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று மட்டும் சொல்லும். 0.7க்கு மேல் இருந்தால் போதும் என்பது பழகிவந்த எல்லை. எல்லாக் கேள்விக்கும் பயந்து நான்கு போட்டவர்களும் எதற்கும் கவலைப்படாமல் ஐந்து போட்டவர்களும் கலந்த ஆலையில் ஆல்ஃபா மிக அழகாக உயர்ந்து நிற்கும். பதில்களின் ஒழுங்கு தெரியுமே தவிர, அவற்றின் உண்மை அதில் தெரியாது.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது பரவல். பாதிப் பேர் ஐந்தும் பாதிப் பேர் ஒன்றும் போட்டாலும் சராசரி மூன்றுதான், எல்லோரும் மூன்று போட்டாலும் மூன்றுதான். முதலாவது ஆலையில் இரண்டு பண்பாடுகள் இருக்கின்றன, இரண்டாவதில் ஒன்று இருக்கிறது, அல்லது யாருக்கும் வாய் திறக்க விருப்பமில்லை. பண்பாடு என்பது பகிர்ந்துகொள்ளப்பட்ட ஒன்று என்றால், பகிர்வு இருக்கிறதா என்று பார்க்காமல் சராசரி எடுப்பதே முறையல்ல. ஒரு குழுவுக்குள் பதில்கள் எந்த அளவுக்கு ஒன்றுபடுகின்றன என்று கணக்கிட ஜேம்ஸ், டெமாரி, வுல்ஃப் ஆகிய மூவர் 1984இலேயே ஒரு சூத்திரம் தந்திருக்கிறார்கள். அது எந்த மென்பொருளிலும் சில நிமிட வேலை. பிரிவுவாரியாக, ஷிப்டுவாரியாக, நிரந்தரம், கான்ட்ராக்ட் என்று பிரித்துக் கேளுங்கள். தர மறுத்தால், அந்த மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 9

‘பாலக்காட்டு ஆலைகளில் தொழிலாளி நிமிர்ந்து பேசுவார், கோயம்புத்தூர் ஆலைகளில் முதலாளியை அண்ணாந்து பார்ப்பார், இது மாநிலப் பண்பாடு’ என்று இன்னொரு வாசகர் வாதிடுகிறார். இரு பக்கமும் சம்பளம் வாங்கியவன் என்ற முறையில் இதில் கொஞ்சம் உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். கேரளத்தில் சுமைதூக்குவோருக்கென்று 1978இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. தூக்காத சுமைக்குக் கூலி கேட்கும் நோக்குக்கூலியை ஒழிக்க 2018 மே முதல் நாளன்று அரசு ஆணை போட வேண்டியிருந்ததும் இங்கேதான். சங்கக் கொடி பறக்காத வாசல் கஞ்சிக்கோட்டில் அரிது.

ஆனால் ஊரின் குணத்தை ஆலையின் குணமாக எழுதிவிடக் கூடாது. கீர்ட் ஹாஃப்ஸ்டீட் 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். ஊழியர்களிடம் வாங்கிய 1,16,000 வினாத்தாள்களை வைத்து நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். மேலிருப்பவருக்கும் கீழிருப்பவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை மக்கள் எந்த அளவுக்கு இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்ற அளவில் இந்தியாவுக்குக் கிடைத்தது 77. அந்த 77 மாநில எல்லையான வாளையாற்றுக்கு இந்தப் பக்கமும் அதேதான், அந்தப் பக்கமும் அதேதான். நாட்டுக்குப் போட்ட எண்ணைத் தனி மனிதர் தலையிலோ தனி ஆலையின் தலையிலோ எழுதக் கூடாது என்று அவரே எச்சரித்தும், அதைத்தான் பயிற்சி வகுப்புகளில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அதிகம் பேசப்படாத அவருடைய இன்னொரு ஆய்வுதான் நம் கேள்விக்கு நெருக்கமானது. டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் பத்து நிறுவனங்களின் இருபது பிரிவுகளை ஆராய்ந்து, அவரும் அவருடைய குழுவினரும் 1990இல் முடிவை வெளியிட்டார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் மனிதர்களின் விழுமியங்கள் அவ்வளவாக வேறுபடவில்லை, அன்றாட நடைமுறைகள்தான் தெளிவாக வேறுபட்டன என்பது அதன் சாரம். விழுமியங்கள் வீட்டிலிருந்தும் பள்ளியிலிருந்தும் வருகின்றன, நடைமுறை வேலைக்குச் சேர்ந்த பிறகு வருகிறது. ஆகவே ‘நேர்மையை மதிக்கிறீர்களா’ என்று கேட்பது வீண் வேலை. ‘ஒரு வார்ப்பு கெட்டுப்போனால் முதலில் யாரிடம் சொல்வீர்கள், எவ்வளவு நேரத்துக்குள் சொல்வீர்கள்’ என்று கேட்டால் ஆலைக்கு ஆலை பதில் மாறும்.

ஜூன் 10

வினாத்தாள் எந்த மொழியில் இருந்தது என்று கேட்டதற்கு, ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் என்று பதில் வந்திருக்கிறது. பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலிருந்து வரும் தமிழர்கள், வாளையாறு தாண்டி வரும் தமிழர்கள், ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து உலை வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் சூப்பர்வைசரே வாசித்துக் காட்டி, பதிலையும் அவரே குறித்திருக்கிறார். இதைப் படித்த பிறகு மேலே நான் எழுதிய புள்ளியியல் பேச்செல்லாம் கொஞ்சம் ஆடம்பரமாகத் தோன்றுகிறது. யாரைப் பற்றிய கேள்வியோ அவரே பேனாவைப் பிடித்திருந்தால் அங்கே ஆல்ஃபாவுக்கு என்ன வேலை.

கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இல் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசு அலுவலகங்களுக்கு எழுத இடம் கொடுத்திருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் தமிழில் மனுக் கொடுக்க முடிகிறவர், தன் ஆலையைப் பற்றிய கருத்தை மட்டும் இன்னொருவர் வாய்வழியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூன் 12

‘பெரிய கோபம் இருந்தால் அது எப்படியும் வெளியே தெரிந்துவிடும், சங்கம் இருக்கிறது, குறைதீர்க்கும் குழு இருக்கிறது’ என்கிறார் ஒருவர். மூணாறைப் பார்த்த பிறகுமா?

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், வேலையை விட்டு இறங்கிவந்து சாலையில் உட்கார்ந்தார்கள். முந்தைய ஆண்டு 19 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைந்ததுதான் உடனடிக் காரணம். அப்போது நாட்கூலி 232 ரூபாய். தொழிலாளர்களும் பங்கு வைத்திருந்த கம்பெனி அது, அடித்தளத்தில் ஒற்றுமை நிலவுவதாகக் காகிதத்தில் காட்ட அதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. தோட்டங்களில் பல பத்தாண்டுகளாகச் சங்கங்களும் இருந்தன. அந்தச் சங்கத் தலைவர்களைத்தான் பெண்கள் முதலில் தங்கள் கூட்டத்துக்குள் வர விடாமல் விரட்டினார்கள். பெம்பிளை ஒருமை என்ற பெயரில் தாங்களே நின்று, கடைசியில் போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து 20 சதவீதம் பெற்றார்கள். கூலி பின்னர் 301 ரூபாயானது.

இங்கே அளவீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது, கோபம் இருந்தது என்பதைவிட அது போகும் பாதை அடைபட்டிருந்தது என்பதே. பெண்கள் சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை, சங்கத்திடமும் சொல்லவில்லை, கொழுந்து பறிக்கும் வரிசையிலும் லயத்து வாசலிலும் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். நிர்வாகமோ சங்கமோ 2015 ஆகஸ்டில் ஒரு வினாத்தாள் கொடுத்திருந்தால் அது யார் கை வழியாகப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓர் ஆலையில் கெட்ட செய்தி எந்த வழியில் மேலே போகிறது, எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடித்தால் பண்பாட்டின் பாதியை அளந்தாயிற்று என்பேன். கொலம்பியா விண்வெளி ஓடம் 2003இல் சிதறியபோது விசாரணைக் குழு, இறக்கையில் மோதிய நுரைத்துண்டுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு நாசாவின் நிறுவனப் பண்பாட்டுக்கும் உண்டு என்று எழுதியதும் இதை ஒட்டித்தான். சேதத்தைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டது மேலே போகாமல் நடுவில் நின்றுவிட்டது.

ஜூன் 13

‘அப்படியானால் வினாத்தாளை எரித்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் எடுக்கலாமே’ என்று கேட்டால், அவசரப்பட வேண்டாம்.

எண்ணுவதற்கு ஆதரவாக ஒரு பழைய கதை உண்டு. சிகாகோ அருங்காட்சியகம் ஒன்றில் எந்தக் காட்சி மக்களை அதிகம் கவர்கிறது என்று யாரிடமும் கேட்காமலே தெரிந்தது. குஞ்சு பொரிக்கும் பெட்டியைச் சுற்றியிருந்த தரை ஓடுகளை ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது, மற்ற இடங்களின் ஓடுகள் ஆண்டுக்கணக்கில் தேயாமல் கிடந்தன. 1966இல் நான்கு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டி, மனிதர்கள் விட்டுச்செல்லும் தடயங்களைப் படிக்கச் சொன்னார்கள். ஆலையில் இத்தகைய தடயங்கள் ஏராளம். சேர்ந்த மூன்று மாதத்துக்குள் போகிறவர்கள் எந்த ஃபோர்மேனின் கீழிருந்து போகிறார்கள், விடுப்பு மறுக்கப்பட்டவர்கள் எந்தப் பிரிவு, ஹர்த்தால் நாளில் யார் எப்படியாவது வந்து சேர்கிறார்கள், கேன்டீனில் கான்ட்ராக்ட் ஆட்கள் தனி மேசையில் சாப்பிடுகிறார்களா என்பதெல்லாம் யாரையும் சங்கடப்படுத்தாமல் எண்ணக்கூடியவை.

சிக்கல், எண்ணின் திசையில் இருக்கிறது. விபத்து நடக்காமல் நூலிழையில் தப்பிய சம்பவங்களைப் பதியும் நியர்-மிஸ் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரிவில் மாதம் முழுவதும் ஒரு பதிவும் இல்லை, பக்கத்துப் பிரிவில் பக்கம் நிறையப் பதிவுகள். எது பாதுகாப்பான பிரிவு? ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததை அஞ்சாமல் சொன்னார்கள் என்பது பின்னர்தான் புலப்பட்டது. 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, பேசினால் தனக்குக் கேடு வராது என்ற நம்பிக்கையைக் குழுவின் பண்பாகவே அவர் அளந்து காட்டினார். ஆகவே பதிவேடு காலியாக இருக்கும் பிரிவுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுப்பதற்கு முன், அங்கே உலைக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்று பார்க்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாராவது மேலாளர், பிரிவுக்கு மாதம் இத்தனை நியர்-மிஸ் கட்டாயம் என்று இலக்கு வைத்துவிடாதீர்கள். மாதக் கடைசி நாளில் தரையில் எண்ணெய் சிந்தியிருந்தது என்று ஒரே கையெழுத்தில் பதினைந்து பதிவுகள் வரும். பார்த்தாயிற்று.

ஜூன் 15

நேற்றைய மின்னஞ்சல்களில் ஒன்று, சித்தூர்க்காரர் எழுதியது: ‘எங்கள் ஊர் கொங்கன்படை திருவிழாவுக்கு உங்கள் கணிப்பில் எத்தனை மதிப்பெண்?’

அறியாதவர்களுக்கு: கொங்குநாட்டிலிருந்து படையெடுத்து வந்தவனைச் சித்தூர் பகவதி முறியடித்ததைக் கொண்டாடும் விழா அது. அதைப் பார்க்கக் கொங்குத் தமிழ் பேசும் குடும்பங்களே திரண்டு போகின்றன, எங்கள் ஆலையிலும் அன்று தமிழ் ஆட்கள்தான் முந்திக்கொண்டு விடுப்புக் கேட்கிறார்கள். வெளியிலிருந்து வரும் ஆலோசகர் விழாவின் கதையை மட்டும் கேட்டால், இங்கே இரு மொழிக்காரரும் அடித்துக்கொள்கிறார்கள் என்று அறிக்கை எழுதிவிடுவார். ஷைனின் முதல் அடுக்கு பார்க்க எளிது, பொருள் கொள்ளக் கடினம் என்பதற்கு இதையே சொல்லலாம். ஆலைக்குள்ளும் அப்படித்தான். ஆயுதபூஜையை எல்லோரும் சேர்ந்து கொண்டாடுகிறார்கள் என்பதால் மேலாளருக்கும் தொழிலாளிக்கும் நெருக்கம் என்று எழுதிவிட முடியாது. பொரிகடலைப் பொட்டலம் எந்த வரிசைப்படி கைமாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஜூன் 18

‘குறை சொல்வது போதும், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்’ என்று நண்பர் கேட்டிருக்கிறார். நியாயம்.

முதலில் அந்த மூன்று பேரைத் தேடிப் போவேன். வேலையை விடும் நாளன்று ஹெச்.ஆர். மேசையில் வாங்கும் படிவத்தில் ‘சொந்தக் காரணம்’ என்றுதான் இருக்கும், ஏனென்றால் பாக்கிச் சம்பளம் இன்னும் நம் கையில் இருக்கிறது. கணக்குத் தீர்ந்து சில வாரம் ஆன பிறகு, வீட்டுத் திண்ணையிலோ டீக்கடையிலோ கேட்டால் வேறு கதை வரும். அதோடு, புதிதாகச் சேர்ந்து ஒரு மாதம் ஆனவர்களிடம் பேசுவேன். இங்கே வந்த பிறகு எதைச் செய்வதை நிறுத்தினீர்கள், எதைக் கண்டு முதல் வாரம் ஆச்சரியப்பட்டீர்கள், யாரிடம் எதைக் கேட்கக் கூடாது என்று யார் சொல்லித்தந்தார்கள் என்பவை என் கேள்விகள். மூன்றாம் மாதத்தில் இதே கேள்விகளுக்கு அவர்களிடமே பதில் இருக்காது, எல்லாம் பழகிப்போயிருக்கும்.

அதன் பிறகுதான் வினாத்தாள். நீளம் கூடாது. நேரில் கேட்டறிந்த சம்பவங்களையே கேள்விகளாக்கி, நான்கு மொழிகளில் அச்சிட்டு, வாசிக்க உதவி தேவைப்படுவோருக்கு வெளியாள் ஒருவரை அமர்த்தி நிரப்பி வாங்க வேண்டும். முடிவு வந்ததும் சராசரியை ஓரமாக வைத்துவிட்டு மூன்றைப் பார்ப்பேன்: பிரிவுகளுக்கு இடையே எங்கே பிளவு, எந்தக் கேள்வியை அதிகம் பேர் காலியாக விட்டார்கள், மேலாளர்கள் தங்களைப் பற்றி நினைப்பதற்கும் மற்றவர்கள் அவர்களைப் பற்றி நினைப்பதற்கும் எவ்வளவு தூரம். காலியாக விடப்பட்ட கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். தாளைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டிய இடத்தில் ஒருவர் ஒரு கட்டத்தை மட்டும் வெறுமையாக விடுகிறார் என்றால் அதற்கு முன் கொஞ்சம் யோசித்திருக்கிறார்.

பிளவு தெரிந்த இடத்துக்கு மறுபடியும் நேரில் போவேன். எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று வழிகாட்டுவதோடு வினாத்தாளின் வேலை முடிகிறது.

ஜூன் 18, இரவு

மேலே எழுதியதில் ஒரு வரம்பைச் சேர்க்க வேண்டும். இது இருநூறு, முந்நூறு பேர் உள்ள ஆலைக்குச் சரிப்படும். பல ஊர்களில் பல்லாயிரம் பேர் உள்ள நிறுவனம் எல்லோர் வீட்டுத் திண்ணைக்கும் போக முடியாது, அங்கே வினாத்தாளிலிருந்து தொடங்குவதைத் தவிர வழியில்லை. கேள்விகளை எழுதுவதற்கு முன்னால் ஓரிரு கிளைகளிலாவது போய் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜூன் 20

பெயரில்லாத படிவம் என்கிறார்கள், ஆனால் க்யூ.ஆர். கோடைத் திறந்ததும் ஊழியர் எண் கேட்கிறது என்கிறார் ஒரு பெண் வாசகர். அப்படியானால் அது பெயரில்லாத படிவமே அல்ல. எண் கேட்காவிட்டாலும் பிரிவு, வயது, பால், பணிக்காலம் நான்கையும் கேட்டாலே போதும், மோல்டிங் பிரிவில் நாற்பது வயதுப் பெண் ஒருவர்தான் இருப்பார். இத்தகைய சிறு குழுக்களின் முடிவைத் தனியே காட்டாமல் பெரிய குழுவோடு சேர்த்துவிடுவதுதான் ஒழுங்கான அளவீட்டாளர்களின் வழக்கம். குழுவில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் காட்டாதே, பத்துக்குக் குறைவாக இருந்தால் காட்டாதே என்று ஆளுக்கொரு எல்லை வைத்திருப்பார்கள். உங்கள் ஆலோசகர் எந்த எல்லை வைத்திருக்கிறார் என்று நிரப்பும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதே வாசகர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: பாலியல் துன்புறுத்தல் பற்றிய கேள்வியைப் பண்பாட்டு வினாத்தாளில் சேர்க்கலாமா? பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள எந்தப் பணியிடத்திலும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவின் உறுப்பினர்கள் யார் என்று தெரியுமா, அவர்களிடம் போனால் விஷயம் வெளியே கசியாது என்று நம்புகிறீர்களா என்ற இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம். சம்பவத்தையே வினாத்தாளில் எழுதச் சொல்லக் கூடாது. எழுதியவருக்கு அது புகார் கொடுத்தது போலத் தோன்றும், ஆனால் அதன் மீது எந்த நடவடிக்கையும் வராது.

ஜூன் 23

அளந்த பிறகு மாற்ற முடியுமா என்பது வேறு கேள்வி, தனி இழையே தேவைப்படும். ஒரு குறிப்போடு விடுகிறேன். 1953இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ், ஆமதாபாத் காலிகோ மில்லின் தானியங்கித் தறிக்கூடத்தில் வேலை செய்தார். புதிய தறிகள் வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறவில்லை. ஆளுக்கொரு துண்டு வேலை என்று பிரித்திருந்ததை மாற்றி, ஒரு சிறு குழு தறிகளின் ஒரு தொகுதியை முழுவதுமாகக் கவனித்துக்கொள்ளலாம் என்ற யோசனை வந்ததும், யார் யாரோடு சேர்வது என்பதைத் தொழிலாளர்களே முடிவு செய்துகொண்டார்கள். உற்பத்தி கூடியது, சேதம் குறைந்தது. மனப்பான்மையை மாற்றச் சொல்லி யாருக்கும் வகுப்பு எடுக்கவில்லை, வேலையை அடுக்கிய விதத்தை மாற்றினார்கள். என் சொந்த ஊகம், நம் மோல்டிங் பிரிவுகளிலும் ஷிப்டுக் குழுவை ஃபோர்மேன் தனியாக எழுதாமல் ஆட்களைக் கேட்டு எழுதினாலே பாதி மாறும் என்பது.

ஜூன் 30

கொழிஞ்சாம்பாறை நண்பர் திரும்பி வந்திருக்கிறார். அவருடைய நிர்வாகம் பிரிவுவாரி முடிவைத் தர மறுத்துவிட்டது, ஆனால் வினாத்தாளைத் தமிழிலும் இந்தியிலும் அச்சிட்டு மறுபடி நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறது. எப்போது நடத்தச் சொல்லலாம் என்று கேட்கிறார்.

திருவோணம் இந்த ஆண்டு செப்டம்பர் 15. ஆகஸ்டில் ஓண போனஸ் பேச்சு சூடாக இருக்கும், அப்போது எடுத்தால் வரும் எண் போனஸைப் பற்றியது. பணம் கணக்கில் விழுந்த வாரத்தில் எடுத்தால் எல்லாக் கட்டத்திலும் ஐந்து விழும், உங்கள் நிர்வாகம் அந்த வாரத்தைத்தான் கேட்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். சபரிமலை சீசன் முடிந்து, மாலை போட்டவர்களும் திரும்பிவந்து, பொங்கல் விடுப்பும் தீர்ந்த ஜனவரிக் கடைசி வாரத்தைக் கேளுங்கள். சூப்பர்வைசர் பேனாவைத் தொடக் கூடாது என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.